உறங்கும் பொறியும் உறங்காச் செவியும்

உறக்கம் எல்லார்க்கும் ஒரு தன்மைத்தன்று. நாள் முழுதும் இறப்பர்ப் பால் வெட்டி மலையிறங்கி வந்தவனின் உறக்கம் வேறு. இரவுக் காவற்காரனின் உறக்கம் வேறு. கைக்குழந்தையை அருகிற் கிடத்திய தாயின் உறக்கம் வேறு. இடி இடித்தபோதும் எழாத தாய், குழந்தை ஒருமுறை முனகியதும் எழுந்து விடுகின்றாள். அவளுடைய உடல் முழுவதும் துயில்கின்றது; செவி மட்டும் ஒரேயொரு ஒலிக்காக விழித்திருக்கின்றது. சைவ சித்தாந்தம் ஆன்மாவின் அவத்தைகளைச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்தாக வகுத்தது. நம் காலத்தில் ஒரு தபால் முத்திரையினும் சிறிய பொறியொன்றைச் செய்தவர்களும் அதற்கு ஐந்து நிலைகளையே வகுத்திருப்பது தற்செயலான பொருத்தமே. ஆயினும் கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டைப் பகுதியில், தேயிலையும் இறப்பரும் கலந்த ஒரு தோட்டத்தில், ஒரு முதியவரும் அவருடைய பேரனும் இந்த நிலைகளைப் பற்றி ஓராண்டுக்கு மேலாக நடத்திய வழக்கை நோக்குவார்க்கு, அப்பொருத்தம் முற்றிலும் பொருளற்றதெனத் தோன்றாது.

முதியவர் அத்தோட்டத்து அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாளாக இருந்தவர். தபாற்பை சுமத்தல், கடிதங்களை ஒவ்வொரு பிரிவுக்கும் கொண்டுசெல்லல் ஆகிய கடமைகளோடு, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்ப்பதும் அவருக்கு விதிக்கப்பட்டிருந்தது. அலுவலக முன்றிலில் நாட்டப்பட்ட செப்புச் சாடி; அதன் வாயிற் புனல்; உள்ளே ஒரு போத்தல். போத்தலிற் சேர்ந்த நீரை அளவுகோடிட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்துக் கணக்கப்பிள்ளையிடம் தொகையைச் சொல்ல வேண்டும். தோட்டம் அரசின் கையில் இருந்தபோதும், 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறிய பின்பும் அந்தப் போத்தல் மாறவில்லை, 8.30 மணி என்ற விதியும் மாறவில்லை.

ஆனால், மணி மாறியது. 1996 மே மாதத்தில் மின்சாரச் சிக்கனம் கருதி இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டன. அதன்பின் அவர் முதன்முதலாகப் போத்தலை எடுத்த காலையில், முந்திய நாளின் 8.30க்கும் அன்றைய 8.30க்கும் இடையே 23 மணித்தியாலங்களே கழிந்திருந்தன. அதை அவருக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. அவரே விரல்விட்டு எண்ணித் தம் சொந்தக் குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் "23 மணி" என எழுதி வைத்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலமும், 2006 ஏப்பிரலில் எஞ்சிய அரை மணித்தியாலமும் மீள எடுக்கப்பட்டபோது "24½ மணி" என இருமுறை எழுதினார். மழையை அளப்பவன் முதலில் நேரத்தை அளக்கவேண்டும் என்ற உண்மையை அவர் எந்தப் பாடசாலையிலும் கற்றவரல்லர்.

2016 மே மாத நடுப்பகுதியில், பின்னர் 'றோனு' எனப் பெயர்பெற்ற சூறாவளியாக வளர்ந்த தாழமுக்கம் இலங்கை மீது நாட்கணக்காக மழையைக் கொட்டியது. 16ஆம் திகதி நள்ளிரவில் முதியவர் திடீரென எழுந்தார். மின்சூளை எடுத்துக்கொண்டு, சாக்கைத் தலையிற் கவிழ்த்தபடி அலுவலக முன்றிலுக்கு நடந்தார். இரவில் மழைமானியைத் திறக்கும் வழக்கம் இல்லை. திறந்து பார்த்தார், போத்தல் நிரம்பி, நீர் வெளிச்சாடிக்குள் வழிந்திருந்தது. திரும்பி வந்து லயத்தின் பன்னிரண்டு கதவுகளையும் தட்டினார். பிள்ளைகளையும் முதியோரையும் முன்னே விட்டு, எல்லாரும் மேட்டிலிருந்த பாடசாலைக்குச் சென்றனர். விடிந்தது. லயம் இருந்தவாறே இருந்தது. காலைப் பிரட்டுக்குப் பிந்தி வந்தவர்களுக்கு அன்று அரைப்பேரே விழுந்தது. கிழவரின் மனப்பிராந்தியால் பாதிக் கூலி போயிற்றென்று பலர் முணுமுணுத்தனர்.

அன்றே, மே 17ஆம் திகதி, அதே கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டது. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் லயக் குடியிருப்பு மண்ணுக்குள் மறைந்தது. செய்தி வந்த பின் முணுமுணுப்பு அடங்கிற்று. பன்னிரண்டு வயதுப் பேரன் மட்டும் ஒரு கேள்வியை விடவில்லை.

"தாத்தா, நீங்க தூங்கிக்கிட்டுத்தானே இருந்தீங்க? எப்படித் தெரிஞ்சது?"

"தகரத்துச் சத்தம் மாறிச்சு தம்பி. சும்மா மழைக்கு நான் எழும்புறதில்ல. அது வேற சத்தம்."

எட்டு ஆண்டுகளின் பின் பொறியியற் பீடத்து மாணவனாகி விடுமுறைக்கு வீடு வந்த அப்பேரன், அந்த மாறிய சத்தத்தை ஒரு பொறிக்குக் கற்பிக்க முனைந்தான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வகுத்த அளவுகள் மலையகத்தில் இன்று பலரும் அறிந்தவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருத்தல், 100 ஆனால் வெளியேற ஆயத்தமாதல், 150 ஆனால் வெளியேறுதல். இங்கே 24 மணித்தியாலம் என்பது காலை 8.30 முதல் மறுநாட் காலை 8.30 வரையுள்ள ஏட்டு நாளன்று. பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி மறுநாட் பிற்பகல் இரண்டு மணிவரை 160 மில்லிமீற்றர் பெய்ததாகக் கொள்வோம். காலை அளவு அதை வெட்டி, ஒரு நாளுக்குத் தொண்ணூறும் மறுநாளுக்கு எழுபதுமாகப் பங்கிட்டு விடலாம். ஏட்டில் எந்த நாளிலும் 150 இராது; மலையிலோ அது முழுவதும் ஊறியிருக்கும். ஆகவே ஒவ்வொரு கணத்திலும் பின்னோக்கி 24 மணித்தியாலத்தை எண்ணிக்கொண்டேயிருக்கும் ஒருவர் வேண்டும். மனிதராற் செய்யத்தக்க காரியமன்று அது.

மழையை எண்ணும் உறுப்பு எளியது. ஏறியிறங்கும் பலகையின் இரு முனைகளிற் போல இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்று நிறைந்ததும் கவிழ்கின்றது, மற்றையது புனலின் கீழே வருகின்றது. பதினேழாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் கிறிஸ்தோபர் ரென் கண்ட உத்தி இது. பேரன் வாங்கியது 0.2 மில்லிமீற்றருக்கு ஒருமுறை கவிழ்வது. கவிழும்போது அதில் ஒட்டிய காந்தம் ஓர் ஆளியைக் கணநேரம் மூடும். 750 கவிழ்ப்பு என்றால் 150 மில்லிமீற்றர். அவற்றை எண்ணுவதற்கு அவன் தெரிந்தெடுத்தது, சாங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் நிறுவனம் அதே 2016ஆம் ஆண்டிற் சந்தைக்குக் கொண்டுவந்த ஈ.எஸ்.பி. 32 என்னும் நுண்கட்டுப்படுத்தி.

முதல் முயற்சியிற் பொறி எந்நேரமும் விழித்திருந்தது. தலைமை முறைவழியாக்கி விநாடிக்கு 24 கோடித் துடிப்பில் இயங்கும்போது, வானொலிப் பகுதியை அணைத்திருந்தாலும் 30 முதல் 68 மில்லிஅம்பியர் மின்னோட்டத்தை உண்கின்றது. வைஃபை மூலம் செய்தி அனுப்பும் கணத்தில் அது 240 வரை உயரும். அவனிடமிருந்த மின்கலமோ 2,500 மில்லிஅம்பியர்-மணி கொள்ளளவுடையது. இரண்டு நாளிற் பொறி செத்தது. சுவரிலுள்ள மின்சாரத்தில் மாட்டலாமே எனச் சிலர் கேட்டனர். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் நாடு இருளிற் கிடந்ததை மறந்தவர்களின் கேள்வி அது. மேலும், மின்கம்பம் சாயும் இரவே மலையும் சரியும் இரவு. சூரியத் தகடு போடலாமெனின், தென்மேற்குப் பருவத்தில் அப்பள்ளத்தாக்குக்குச் சூரியன் விருந்தாளி.

முதியவர் செத்த மின்கலத்தைக் கையில் வைத்துப் பார்த்தார். "கண்ணு மூடாம காவல் காத்தா, மூணாவது நாள் காவக்காரனே விழுந்துடுவான் தம்பி. தூங்க விடு" என்றார்.

பொறியின் ஐந்து நிலைகள் அவனுக்கு அப்போது பயன்பட்டன. முழு விழிப்பு முதலாவது. வானொலியை மட்டும் உறங்கவிடுவது இரண்டாவது. கடிகாரத் துடிப்பை நிறுத்தி, நினைவை அழியாமற் காப்பது இலேசான உறக்கம். ஒரு மில்லிஅம்பியருக்கும் சற்றுக் குறைவாக அது உண்ணும். ஆழ்ந்த உறக்கத்தில் தலைமை முறைவழியாக்கியும் அதன் நினைவும் அணைந்துவிடும். நேரங்காட்டியும் 8 கிலோபைற்றுச் சிறு நினைவகமும் எஞ்சும். செலவு ஏறத்தாழ 10 மைக்குரோ அம்பியர். அச்சிறு நினைவகத்தையும் விட்டு, நேரங்காட்டியை மட்டும் வைத்திருக்கும் நெடுந்துயிலில் செலவு 5 மைக்குரோ அம்பியர்.

இரண்டாம் முயற்சியில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பார்த்து மீண்டும் ஆழ்ந்து உறங்குமாறு பொறியைப் பணித்தான். கணக்கின்படி மின்கலம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். ஆனால் பொறி உறங்கிய பத்து நிமிடத்திற் கவிழ்ந்த கிண்ணங்களை எவரும் எண்ணவில்லை. காலையில் பாட்டனின் குவளை 41 மில்லிமீற்றர் என்றபோது பொறி 3 என்றது. ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் தலைமையை எழுப்புமாறு செய்யவும் இயலும். ஆயினும் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழும் பொறி, தன் நிரலைத் தொடக்கத்திலிருந்தே மீண்டும் படித்து எழவேண்டும். ஆளியின் துள்ளலுக்கும், காற்றசைவிற் கிண்ணம் ஆடியதற்கும்கூடப் பெரியவரைத் தட்டியெழுப்பிக் கொண்டிருப்பது காவலாகாது.

மூன்றாம் முயற்சியிலேயே அவன் பொறியின் உள்ளே மறைந்திருந்த சிறியவனைக் கண்டான். ஈ.எஸ்.பி. 32இல் தலைமை முறைவழியாக்கிக்குப் புறம்பாக, மிகக் குறைந்த மின்னில் இயங்கும் துணை முறைவழியாக்கி ஒன்றுண்டு. அதன் அறிவு சிறிது: நான்கே பதிவகங்கள், கூட்டலும் கழித்தலும், பெருக்கத் தெரியாது. ஆயினும் உணரியைப் பார்க்கத் தெரியும்; எண்ணத் தெரியும்; ஓர் எல்லையோடு ஒப்பிடத் தெரியும்; எல்லை கடந்தாற் பெரியவனை எழுப்பத் தெரியும். தலைமை ஆழ்ந்து உறங்க, இச்சிறியவன் அந்த 8 கிலோபைற்று நினைவகத்திற் குடியிருந்து கவிழ்ப்புகளை எண்ணுகின்றான். இடைவிடாது விழித்திருந்தால் அவன் செலவு 150 மைக்குரோ அம்பியர். நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் எழுந்து உணரியைப் பார்த்தால் ஏறத்தாழ 100. இரண்டாவது கணக்கின்படி 2,500 மில்லிஅம்பியர்-மணி 25,000 மணித்தியாலத்துக்குப் போதும். இரண்டரை ஆண்டுக்கு மேல். மின்கலம் தானாக இழப்பதைக் கழித்தாலும் ஒரு பருவமழையைத் தாண்ட அது தாராளம்.

"இப்ப சரி. உடம்பு தூங்குது, காது முழிச்சிருக்கு" என்றார் முதியவர்.

தாமதித்துச் செய்யத்தக்கதைத் தாமதித்தும், தாமதிக்கத் தகாததைத் தாமதியாதும் செய்க என வள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தில் வகுத்தார். தாமதத்தைக் குறிக்க அவர் ஆண்ட சொல் தூங்குதல். இன்று துயிலைக் குறிப்பதும் அதுவே. எதைத் தூங்க விடுவது, எதைத் தூங்க விடாதிருப்பது என்று பிரித்தறிவதே சிக்கனம் என்பதற்கு அந்தச் சிறு தகடும் ஒரு சான்றாயிற்று.

ஆயினும் வழக்கு அத்துடன் முடியவில்லை. லயத்துக்கு மேலுள்ள மலைச்சரிவில் ஒரு மானி. அது சொல்வதைக் கேட்டு மணியடிக்க முதியவரின் வீட்டுக் குசினிச் சுவரில் ஒரு பெட்டி. இரண்டும் மின்கலத்தில் வாழ்பவை. ஆகவே இரண்டும் உறங்குபவை. உறங்கும் இருவர் பேசிக்கொள்ள வேண்டுமானால் ஒரே கணத்தில் விழிக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மேலுள்ளது பேசவும், கீழுள்ளது பத்து விநாடி கேட்கவும் ஏற்பாடாயிற்று. முதல் இரவு பேசின. பின்னர் கீழுள்ள பெட்டி நாட்கணக்கில் ஒன்றையும் கேட்கவில்லை. மலையேறிப் பார்த்தால் மானி பழுதில்லை. தவறாமற் பேசிக்கொண்டுதான் இருந்தது.

பழுது கடிகாரத்தில். அப்பொறி விழித்திருக்கையில் விநாடிக்கு நான்கு கோடிமுறை துடிக்கும் குவார்ட்சுப் பளிங்கொன்றை நம்பி நடக்கும். உறங்கும்போது அந்தப் பளிங்கும் அணைந்துவிடும். துணை முறைவழியாக்கி தன் கட்டளைகளைச் செய்ய விநாடிக்கு 80 இலட்சம் அளவில் துடிக்கும் அலையமொன்றைக் கொள்ளும். உறக்கத்தின் நீளத்தை அளப்பதோ 1,50,000 அளவில் துடிக்கும் மந்த அலையம். இவ்விரண்டும் பளிங்கில்லாதவை, தடையியும் கொள்ளளவியும் கொண்டு சில்லினுள்ளேயே அமைந்தவை. மந்த அலையம் மிகக் குறைந்த செலவினது. ஆனால் வெப்பநிலை மாறினால் அதன் துடிப்பும் மாறும். எழும்போதெல்லாம் பளிங்கோடு ஒப்பிட்டு அதைத் திருத்தலாம். எனினும் பகல் வெயிலிற் செய்த திருத்தம் இரவுக் குளிருக்குப் பொருந்தாது. மேலுள்ள மானி பனியில் நனைந்தது. கீழுள்ள பெட்டி அடுப்பின் சூட்டிற் காய்ந்தது. இரண்டும் நூற்றுக்கு ஒன்று மாறுபட்டாலே அரை மணித்தியாலத்தில் 18 விநாடி பிழைக்கும். பத்து விநாடி மட்டும் கேட்பவன் பதினெட்டு விநாடி பிந்திப் பேசுபவனை எவ்வாறு கேட்பான்?

முல்லைப்பாட்டின் பாசறைக் காட்சியை இங்கு நினைப்பது தகும். படை துயில்கின்றது, மெய்காப்பாளர் சுற்றி வருகின்றனர். அவர்களுக்குப் புறம்பாக நாழிகைக் கணக்கர் என ஒரு சாராரை நப்பூதனார் வைத்தார். கன்னலில் நீர் அளந்து அரசனுக்குப் பொழுதை அறிவிப்பது அவர் கடன். காவலனும் காலக் கணக்கனும் வெவ்வேறு ஆட்கள் என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். குளிரில் நீர் மெல்ல ஒழுகும். அதனால் நீர்க் கடிகாரத்துக்கும் பருவம் ஒரு பகையே.

பேரனுக்கு மூன்று வழிகள் இருந்தன. உள்ளுள்ள மந்த அலையத்தையே வைத்துக்கொள்ளல். வேக அலையத்தை 256ஆல் வகுத்துப் பெறும் துடிப்பைக் கொள்ளல், அதற்குக் கூடுதலாக 5 மைக்குரோ அம்பியர். விநாடிக்கு 32,768 முறை துடிக்கும் சிறு பளிங்கை வெளியே பொருத்தல், அதற்குக் கூடுதலாக ஏறத்தாழ 1 மைக்குரோ அம்பியர். கைக்கடிகாரங்களில் உள்ள அதே பளிங்கு அது. அத்தொகையைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும் என்பதே அவ்வெண்ணின் இரகசியம். பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிழைக்கும் பளிங்கெனினும், ஒரு நாளில் அது இரண்டு விநாடிகூடத் தவறாது.

பளிங்கைப் பொருத்திய பின்பே அவன் எதிர்பாராத ஒன்றைக் கண்டான். அதற்குக் காரணமானவர் முதியவரே. "அரை மணி ஆகும்னு சொல்றியே, மண்ணு அதுவரைக்கும் பொறுக்குமா?" என அவர் கேட்டார். அடிக்கடி கேட்டால் மின்கலம் தீருமே என்று அவன் சொல்ல வாயெடுத்தான். பின்னர் கணக்குப் பார்த்தான். கடிகாரங்கள் இரண்டும் ஒத்தால் பத்து விநாடி காத்திருக்கத் தேவையில்லை. ஒரு விநாடி போதும். முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை பத்து விநாடி கேட்பதும், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு விநாடி கேட்பதும் செலவில் ஒன்றே. மூன்று நிமிடத்தில் இரு பளிங்குகளும் தம்முள் மாறுபடுவது ஒரு விநாடியின் நூறிலொரு பங்கினும் குறைவு. ஒரு மைக்குரோ அம்பியரைக் கடிகாரத்துக்குக் கொடுத்ததால், அதே மின்கலத்திற் பத்து மடங்கு விழிப்புக் கிட்டியது. நேரத்தைச் சரியாக அறிந்தவனே கவலையின்றி உறங்கலாம். அறியாதவன் பொழுதெல்லாம் விழித்தும் தவறவிடுவான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொணர்ந்து நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டது. மின்சாரம் போயிற்று, கைத்தொலைபேசிகள் ஊமையாயின. குசினிச் சுவரிலிருந்த பெட்டி இரவில் முதன்முறை அடித்தது, 75. மீண்டும் அடித்தது, 100. பேரன் பாட்டனை எழுப்பச் சென்றான். அவர் ஏற்கெனவே எழுந்து, சாக்கைத் தலையிற் கவிழ்த்து, வாசலில் நின்று தகரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை அடிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. இருவரும் பன்னிரண்டு கதவுகளையும் தட்டினர். இம்முறை ஒருவரும் முணுமுணுக்கவில்லை. விடிந்து வந்து பார்த்தபோது, லயத்தின் பின்புற மண்திட்டுச் சரிந்து கடைசி இரண்டு வீட்டுக் குசினிகளை மூடியிருந்தது. முதியவரின் வீடு அவற்றுள் ஒன்று. பெட்டியை மண்ணிலிருந்து தோண்டி எடுத்தபோது அது இன்னும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தது.

பேரன் அதை உடைந்த சுவரின் ஓரத்தில் வைத்தான். அவன் முகத்திற் பெருமிதம் இல்லாமலில்லை. முதியவர் பெட்டியைத் துணியால் துடைத்தார்.

"நல்லா எழுப்புது தம்பி. எழும்பிப் போறதுக்குத்தான் நமக்கு ஒரு இடம் இல்ல."

அவருடைய குறிப்புப் புத்தகம் பாடசாலைக்கு எடுத்துச்சென்ற பையில் இருந்தமையாற் பிழைத்தது. திகதி, மணி, மில்லிமீற்றர் என்னும் மூன்று நிரல்களுக்கு அப்பால், நான்காவதாக அவரே கோடிட்ட நிரலொன்று அதிலுண்டு. 2016 மே 16க்கு நேரே அந்நிரலில் "பள்ளிக்கூடம்" என்றிருக்கின்றது. 2025 நவம்பர் இரவுக்கு நேரேயும் "பள்ளிக்கூடம்" என்றே எழுதினார். இரண்டுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். மழையின் அளவு திருந்தியிருக்கின்றது. மணியின் அளவும் திருந்தியிருக்கின்றது. நான்காவது நிரல் மட்டும் திருந்தவில்லை.